கட்டிலுக்கு முன்னால் ஆளை அளந்து பாருங்கள்

அன்புள்ள இளம் பிசியோதெரபிஸ்டுக்கு,

படிப்பை முடித்து, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தரத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு இந்தக் கடிதம். பயிற்சிகளையெல்லாம் கல்லூரி சொல்லிக் கொடுத்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குடும்பத்தார் கேட்கிற கேள்விக்குப் பாடம் இருந்திருக்காது: "எந்தக் கட்டில் வாங்கலாம், சொல்லுங்க?"

பல வீடுகளில் அந்தக் கேள்வி வருவதற்குள் கட்டிலே வந்து இறங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் எழுதிய அன்றைக்கு யாரோ ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். மகன் மருத்துவமனை வராந்தாவில் நின்றபடியே போன் செய்திருப்பார். மாலைக்குள் மினி வேனில் ஒரு ஃபவுலர் காட் வாடகைக்கு வந்து ஹாலில் நிற்கும்.

பார்க்கின்சன் நோய் உள்ள, ஐந்தடி உயரமுள்ள ஓர் அம்மாவை அந்தக் கட்டிலில் உட்கார வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து அவருடைய முழங்கால் மடிப்பு வரை சுமார் 15 அங்குலம்தான். உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடியாத சாதாரண ஃபவுலர் காட்டின் தகடே பெரும்பாலும் 20 அங்குலத்தைத் தொட்டுவிடும். அதன்மேல் நான்கு அங்குல மெத்தை. புண் வந்துவிடுமோ என்ற பயத்தில் அதற்கும் மேலே ஒரு ஏர் பெட். மொத்தம் இரண்டடியைத் தாண்டிவிட்டது. போன வாரம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய்வந்தவருக்கு இப்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் கால் தரையில் படுவதில்லை. இறங்கப் பயம். முதலில் இரவுக்கு மட்டும் டயப்பர், பிறகு பகலுக்கும். சில வாரங்களில் தொடைத் தசை வற்றிவிடுகிறது. நோய் முற்றிவிட்டது என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்த இழப்பில் கட்டிலுக்கும் பங்கு உண்டு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஃபைலில் எழுதியிருக்கும் நோயின் பெயரை வைத்துக் கட்டிலைச் சொல்லிவிட முடியாது. அந்த மனிதரால் இன்றைக்கு என்ன முடிகிறது என்று பார்த்து, அந்தத் திறனைக் காப்பாற்றும் கட்டிலைச் சொல்ல வேண்டும். திறன் மாறினால் கட்டிலும் மாற வேண்டும். வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்சிங்' நூலில் படுக்கைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நோயாளியின் கட்டில் மூன்றரை அடி அகலத்துக்கு மேல் போகக்கூடாது, சோபாவைவிட உயரமாக இருக்கக்கூடாது என்கிறார் அவர். தாழ்ந்த கட்டிலாக இருந்தால் நோயாளி தானே இறங்கிச் சில நிமிடம் நடக்க முடியும், உயர்ந்ததாக இருந்தால் அதுவும் போய்விடும் என்பது அவர் சொல்லும் காரணம். கட்டில் அறையில் வெளிச்சமான இடத்தில், ஜன்னல் வழியே வெளியே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மோட்டாரும் ரிமோட்டும் வந்த பிறகும் அவர் சொன்னதில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

இன்று நாம் ஃபவுலர் காட் என்று சொல்லும் கட்டிலுக்குப் பெயர் கொடுத்தவர் ஜார்ஜ் ஃபவுலர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். வயிற்று அறுவைக்குப் பிறகு நோயாளியைச் சாய்த்து உட்கார வைக்கும் முறையை 1900-ஐ ஒட்டி அவர் பரப்பினார். கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும் உயர்த்தும் கட்டிலை 1909-இல் வில்லிஸ் கேட்ச் என்ற இன்னோர் அறுவை மருத்துவர் வடிவமைத்தார். இரண்டுமே மருத்துவமனையில் சில நாள் படுத்து எழுந்து போகிறவர்களுக்காகப் பிறந்தவை. வருடக்கணக்கில் ஒரே அறையில் வாழ வேண்டியவர்களை மனதில் வைத்துச் செய்தவை அல்ல.

ஆகவே கட்டிலைப் பற்றிப் பேசும் முன் அவரை அவருடைய பழைய படுக்கையிலேயே பாருங்கள். தானாகப் புரண்டு படுக்கிறாரா, கீழே சரிந்தால் மேலே ஏறிக்கொள்ள முடிகிறதா, எழுந்து உட்காருகிறாரா, ஓரத்தில் சாயாமல் இருக்கிறாரா, எழுந்து நிற்கிறாரா? பகலில் பார்ப்பது மட்டும் போதாது. இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். பார்க்கின்சன் நோயில் இரவு மாத்திரையின் வேகம் குறையும்போது பகலில் நடப்பவர்கூடப் புரள முடியாமல் கிடப்பார்.

பிறகு இன்ச் டேப்பை எடுங்கள். ஓரத்தில் உட்காரும்போது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட வேண்டும், இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். மெத்தை அமுங்கிய பிறகு கிடைக்கும் உயரமே கணக்கு. கடைக்காரர் சொல்லும் உயரத்தை வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். தொடை பலவீனமானவருக்கு இரண்டு அங்குலம் கூட்டினால் எழுவது எளிதாகும். அதையும் தாண்டி உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்கும்.

இந்த அளவுக்குப் பழைய தேக்குக் கட்டிலே போதும் என்று தெரிந்தால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள். தாழ்வாக இருந்தால் காலுக்கடியில் குழிவெட்டிய மரக்கட்டைகளைத் தச்சர் வைத்துக் கொடுப்பார். பிடித்து எழ ஒரு கம்பி வேண்டுமென்றால் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 1964-இல் உருவான அந்த எஸ்டேட்டிலும், ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும், டிஐ சைக்கிள்ஸிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. நாற்பது வருடம் இரும்போடு புழங்கியவரிடம் அவருடைய கட்டிலைப் பற்றி யோசனை கேளுங்கள். எந்த இடத்தில் பிடி வந்தால் தனக்குக் கை எட்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். குடும்பத்தார் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி உங்களிடம் பேசுவார்கள். நீங்கள் அவர் பக்கம் திரும்பிக் கேளுங்கள்.

நோய்க்கு நோய் தேவை மாறும். பார்க்கின்சன் உள்ளவருக்கு அமுங்கும் மெத்தை ஆகாது. உடம்பு குழிக்குள் இறங்கிவிட்டால் புரளவே முடியாது. மெமரி ஃபோம் நம் ஊர் வெயிலில் சூடும் சேர்த்துக் கொடுக்கும். ஓரளவு கெட்டியான மெத்தையின் மேல், இடுப்பு வரும் இடத்தில் மட்டும் வழவழப்பான துணியை விரித்தால் புரள்வது எளிதாகும். பாதத்துக்குக் கீழே வேண்டாம்; அங்கே ஊன்றி உந்தப் பிடிமானம் வேண்டும். எழுந்ததும் ரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றுபவராக இருந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டுக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களையே கட்டை வைத்து உயர்த்தலாம். அதற்கு ஃபவுலர் காட் தேவையில்லை. கனவில் கையைக் காலை வீசி எழுந்து விழுபவர்களும் உண்டு. அவர்களுக்கு உயரத்தைக் குறைத்து, பக்கத்தில் தரையில் ஒரு மெத்தையைப் போட்டுவிடுங்கள்.

ஏ.எல்.எஸ். நோய் வேறு மாதிரி. உதரவிதானம் பலவீனமாகும்போது மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டும். இங்கே தலைப்பக்கம் உயரும் கட்டில் உண்மையிலேயே அவசியம். நோய் மாதத்துக்கு மாதம் நகர்வதால் கையால் சுற்றும் கட்டிலை வாங்கி, சில மாதத்தில் மோட்டார் கட்டிலுக்கு மாறும் செலவைப் பல குடும்பங்கள் இரண்டு முறை சுமக்கின்றன. விரல் அசைவு மட்டும் மிஞ்சியிருப்பவருக்கு ரிமோட்டில் தானே முதுகை உயர்த்திக்கொள்ள முடிவது பெரிய விஷயம். ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டியதில்லை. பைபேப் கருவிக்கும் சளி உறிஞ்சும் கருவிக்கும் சேர்த்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

தசைச்சிதைவு உள்ள பிள்ளைகளின் வீட்டில் அம்மாவின் தூக்கத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். பையனால் புரள முடியாது. ஒரே இரவில் பல முறை அம்மாவைக் கூப்பிடுவான். பக்கவாதம் வந்தவருக்கோ கட்டில் எந்தச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்பதே பாதி விஷயம். பலமுள்ள பக்கம் வெளியே இருந்தால்தான் அந்தக் கையை ஊன்றி எழுந்து சக்கர நாற்காலிக்கு மாற முடியும். கட்டிலைத் திருப்பிப் போட ஒரு பைசா செலவில்லை.

மெத்தைக்கு வருவோம். தானாகப் புரள முடியாதவருக்குத்தான் ஏர் பெட் வேண்டும். புரளக்கூடியவருக்கு அது அசைவையே தடுக்கும், உயரத்தையும் கூட்டும். வாட்டர் பெட்டோ ஏர் பெட்டோ எதுவானாலும் அவரைப் படுக்க வைத்துவிட்டு, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, அந்த விரிப்புக்கும் கீழே உள்ள மெத்தைக்கும் நடுவில் அவருடைய இடுப்பெலும்புக்கு நேராகக் கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்றோ தண்ணீரோ இல்லையென்றால் அவர் உண்மையில் கீழே இருக்கும் மெத்தையில்தான் படுத்திருக்கிறார். வெறும் தேங்காய்நார் மெத்தை அவருக்கு மிகக் கெட்டி. இலவம்பஞ்சு கட்டி கட்டியாகிவிடும், சிறுநீர் பட்டால் காயவே காயாது. ரெக்சின் விரிப்பை நேராகத் தோலில் படவிடாதீர்கள். மே மாத வெயிலில் அதன்மேல் படுத்தவரின் முதுகு நாள் முழுக்க வியர்வையில் ஊறும்.

எந்த மெத்தையும் திருப்பிப் படுக்கவைக்கும் வேலையைச் செய்யாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான பிரிவை லுட்விக் குட்மன் தொடங்கினார். அதுவரை அப்படி அடிபட்டவர்கள் பெரும்பாலும் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் இறந்துகொண்டிருந்தார்கள். இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைப்பதை அவர் விதியாக்கினார். எல்லா வசதியும் உள்ளவரையும் புண் விடுவதில்லை. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2004-இல் 52 வயதில் இறந்தபோது, தொற்று ஏறிய படுக்கைப் புண்ணுக்குத்தான் சிகிச்சை பெற்றுவந்தார்.

பாடப்புத்தகம் சொல்லும் "சிவந்த தோல்" நம் நிறத்தில் சரியாகத் தெரியாது. தோல் சிவக்கவில்லையே என்று நம்பிவிடாதீர்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் இரு பக்கம் ஆகியவற்றைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது கருத்து இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் வேண்டாம், நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் உட்கார வைக்கவும் வேண்டாம். இரண்டும் கெடுதல்.

தலைப்பக்கத்தை உயர்த்தும் முன் முழங்கால் பக்கத்தைச் சிறிது உயர்த்த வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குச் செய்தே காட்டுங்கள். இல்லாவிட்டால் உடம்பு கீழே சரியும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, உள்ளே சதை மட்டும் இழுபடும். சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரத்தில் 30 பாகைக்கு மேல் உயர்த்தி வைக்காமல் இருப்பது நல்லது. மூச்சுத் திணறலோ குழாய் வழி உணவோ இருந்தால் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. சரிந்தவரை மேலே ஏற்ற, அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். வழுக்கும் பழைய நைலான் சேலை ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும். அதை இரண்டாக மடித்து அடியில் போட்டால் இரண்டு பேர் சிரமமில்லாமல் நகர்த்திவிடலாம்.

பக்கக் கம்பி பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கம்பி வைத்த கட்டில்களில் சிக்கியவர்களைப் பற்றி 1985 முதல் 2009 தொடக்கம் வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்த தகவல்கள் 803. அவர்களில் 480 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலவீனமானவர்கள், குழப்பம் உள்ளவர்கள். கம்பிகளுக்கு நடுவே 12 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் தலை நுழைந்துவிடும். மறதி நோய் உள்ளவர் கம்பி மேல் ஏறிக் குதிப்பார். விழும் உயரம்தான் கூடும். இவர்களுக்கெல்லாம் தாழ்ந்த கட்டிலே மேல்.

வீட்டையும் அளக்க வேண்டும். பல வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இருக்காது. கட்டில் தலைப்பலகை, கால்பலகை எனக் கழற்றிப் படியேற வேண்டும். ஆறரை அடிக்கு மூன்றடிக் கட்டில் பத்துக்குப் பத்து அறையில் நின்றுவிடும். பக்கத்தில் சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா? நாற்காலி முழுசாகத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். பாத்ரூம் கதவு இரண்டரை அடிதான் என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலியை வைப்பது புத்திசாலித்தனம். ஹாலில் போட்டால் பேரப்பிள்ளைகளின் பேச்சும் டிவியும் கூட இருக்கும். ஆனால் துணி மாற்றும் நேரத்தில் வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். ஒரு திரைச்சீலைக் கம்பியைக் கட்டிலோடு சேர்த்தே எழுதிக்கொடுங்கள். பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

மழையையும் கணக்கில் எடுங்கள். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் கொரட்டூர், அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்தது, கரண்ட் போனது. ஏர் பெட்டின் பம்பு பத்து வாட் அளவுக்குத்தான் மின்சாரம் எடுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும். ஆனால் அந்தப் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் போட்டிருக்கிறார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. கரண்ட் போனாலும் காற்று இறங்காத மாடலா என்றும் கேளுங்கள். மோட்டார் கட்டிலாக இருந்தால் கையால் சுற்றும் வசதி இருந்தாக வேண்டும். மழைக்காலத்தில் பம்பைத் தரையில் வைக்காமல் கட்டிலின் கால்பலகையில் மாட்டச் சொல்லுங்கள்.

இனி, பார்த்துக்கொள்பவர். நோயாளிக்குத் தாழ்ந்த கட்டில் நல்லது. குனிந்து குனிந்து துடைத்துவிடும் மனைவிக்கோ அது முதுகை உடைக்கும். அவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். உயரத்தை மாற்றும் கட்டில் விலை அதிகம் என்றாலும், இறங்குவதும் பராமரிப்பும் இரண்டும் ஒரே வீட்டில் நடக்கும் காலத்தில் அதற்கு மாற்று இல்லை. முடிந்த குடும்பத்துக்கு, ரிமோட்டில் முதுகு சாய்வதைவிட உயரம் மாறுவதற்குப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். நாற்பது வருடம் பக்கத்தில் படுத்தவர்களை மூன்றடிக் கட்டில் பிரித்துவிடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். இன்னொரு கட்டிலை அதே உயரத்தில் ஒட்டிப் போட முடிந்தால் போடச் சொல்லுங்கள்.

இந்தத் தொழிலுக்கு நம் பக்கத்திலேயே பெரிய முன்னோடி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பில் எழுந்தது. அங்கே குடும்பத்தாருக்கும் சேர்த்தே பயிற்சி கொடுக்கிறார்கள். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த சங்கரராமன் தசைச்சிதைவு உள்ளவர். அசைவு குறைந்த பிறகும் ஒரு வாழ்க்கைக்கு எவ்வளவு இடம் உண்டு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

பணம் பற்றிக் கேட்கக் கூச்சப்படும் குடும்பங்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் கிடைக்கும். தசைச்சிதைவு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு போன்றவற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்த மூன்றையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விண்ணப்பம் எங்கே கொடுப்பது என்பதில் இந்த வட்டாரத்தில் குழப்பம் உண்டு. 2018-இல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் இன்னும் திருவள்ளூர் மாவட்டம்தான். அந்தந்த மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். படுத்த படுக்கையாக ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு தவறான அலுவலகத்துக்கு ஒரு நாளைத் தொலைப்பது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய இழப்பில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நோய் நகரும் வேகம் தெரியாத வரை எந்தக் கட்டிலையும் வாங்கச் சொல்லாதீர்கள். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். கட்டில் வந்த மறுநாள் நீங்களே போய், அவர் அதிலிருந்து இறங்குவதை ஒரு முறை பாருங்கள். மூன்று மாதம் கழித்து, யாரும் கூப்பிடாவிட்டாலும், இன்னொரு முறை போய்ப் பாருங்கள்.